சுவரைத் தாண்டி மணி அடித்த அலை: உங்க வீட்டு வைஃபைக்கும் ஜகதீஷ் சந்திர போஸுக்கும் என்ன தொடர்பு?

ஹாலில் ரவுட்டர். உள்ளே படுக்கையறையில் ஸ்மார்ட் பல்ப். நடுவில் இரண்டு சுவர். மொபைலில் ஒரு தட்டு தட்டினால் பல்ப் எரிகிறது. ஒயர் கிடையாது, ஆள் எழுந்து போகவும் வேண்டாம்.

இதே காட்சியை 1895-லேயே கொல்கத்தாவில் ஒருவர் நடத்திக் காட்டிவிட்டார். அவரிடம் பல்ப் இல்லை, மொபைல் இல்லை. ஒரு சின்னப் பெட்டி, ஒரு மணி, கொஞ்சம் வெடிமருந்து, இவ்வளவுதான். ஒரு அறையில் பொத்தானை அழுத்தினார். இரண்டு சுவர்களைத் தாண்டி, சுமார் 23 மீட்டர் தொலைவில் இருந்த மணி தானாக அடித்தது. வெடிமருந்தும் வெடித்தது.

அவர் பெயர் ஜகதீஷ் சந்திர போஸ். பள்ளிப் பாடப் புத்தகத்தில் 'தாவரங்களுக்கும் உணர்வு உண்டு என்று சொன்னவர்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். ஆனா இன்று நம் வீட்டுக்குள் சுற்றும் அலைகளோடு அவருக்கு இருக்கும் தொடர்பு பலருக்குத் தெரியாது. உங்க வீட்டில் ஒரு அறையில் மட்டும் சிக்னல் ஏன் படுத்துகிறது என்பதற்கான விளக்கமும் அவருடைய ஆய்வுகளுக்குள்ளேயே இருக்கிறது.

எந்த போஸ் இவர்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இவர் சுபாஷ் சந்திர போஸ் இல்லை. 'போசான்' துகளுக்குப் பெயர் கொடுத்த சத்யேந்திர நாத் போஸும் இல்லை. அவர் இவருடைய மாணவர். ஸ்பீக்கர், ஹெட்போன் விற்கும் போஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர் அமர் போஸ் என்ற வேறொருவர்.

ஜகதீஷ் சந்திர போஸ் பிறந்தது 1858 நவம்பர் 30-ம் தேதி, அன்றைய வங்காள மாகாணத்தில். அந்தப் பகுதி இப்போது வங்கதேசத்தில் இருக்கிறது. அப்பா பகவான் சந்திர போஸ், ஆங்கிலேய அரசில் அதிகாரி. அந்தக் காலத்தில் அதிகாரி வீட்டுப் பிள்ளை என்றால் நேராக ஆங்கிலப் பள்ளிதான். ஆனா அப்பா மகனை வங்காளி மொழிப் பள்ளியில்தான் முதலில் சேர்த்தார். தாய்மொழியும் ஊர் மக்களும் முதலில் தெரியட்டும், ஆங்கிலம் பிறகு வரட்டும் என்பது அவருடைய எண்ணம்.

அந்த வகுப்பில் ஒரு பக்கம் அப்பாவின் முஸ்லிம் ஊழியரின் மகன், இன்னொரு பக்கம் மீனவர் ஒருவரின் மகன். பறவைகள், விலங்குகள், ஆற்று உயிரினங்கள் பற்றி அவர்கள் சொன்ன கதைகள்தான் இயற்கையைக் கவனிக்கும் ஆசையைத் தனக்குள் விதைத்தன என்று பிற்காலத்தில் போஸ் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பிறகு கொல்கத்தாவில் செயின்ட் சேவியர் பள்ளி, அப்படியே அதே கல்லூரி. அங்கே லஃபோன் என்ற பாதிரியார் சோதனைகளைச் செய்து காட்டியே இயற்பியல் நடத்துவார். போஸுக்கு அறிவியல் பிடித்துப்போனது அவரால்தான்.

1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். ஆனா ஏற்கெனவே இருந்த காய்ச்சல் விடவில்லை. பிரேதப் பரிசோதனைக் கூடத்தின் வாடையில் அது இன்னும் மோசமானது. மருத்துவத்தை விட்டுவிட்டு கேம்பிரிட்ஜில் இயற்கை அறிவியல் சேர்ந்தார். அங்கே பாடம் நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ரேலி பிரபு.

மூன்று வருஷம் சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885-ல் ஊர் திரும்பினார். கொல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியர் வேலை கிடைத்தது. அதில் ஒரு சிக்கல்.

ஒரே வேலை செய்தாலும் ஐரோப்பியருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸின் வேலை தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. கூட்டிக் கழித்துப் பார்த்தால், பக்கத்து வகுப்பில் பாடம் எடுக்கும் ஆங்கிலேயர் வாங்குவதில் மூன்றில் ஒரு பங்கு.

போஸ் வேலையை விடவில்லை. கூட்டம் போட்டுக் கோஷம் எழுப்பவும் இல்லை. தினமும் கல்லூரிக்குப் போனார், பாடம் எடுத்தார். மாதம் பிறந்தால் சம்பளத்தை மட்டும் வாங்க மறுத்துவிட்டார். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம்.

அப்போது வீட்டில் பணம் கொட்டிக் கிடந்ததா என்றால் அதுவும் இல்லை. அப்பா ஊர் நன்மைக்காகத் தொடங்கிய முயற்சிகள் நஷ்டமாகி, தலைக்கு மேல் கடன் இருந்தது. 1887-ல் போஸுக்குத் திருமணமும் ஆனது. மனைவி அபலா, மருத்துவம் படிப்பதற்காக 1882-ல் வங்காளத்திலிருந்து நம்ம சென்னைக்கு வந்தவர். உடல்நிலை சரியில்லாமல் படிப்பைப் பாதியில் விட வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் பெண் கல்விக்காக நிறைய உழைத்தார். சம்பளமே இல்லாத கணவரோடு குடும்பத்தை நடத்தியதும் அவர்தான்.

கடைசியில் அரசு இறங்கி வந்தது. முழுச் சம்பளம், அதுவும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் போட்டு, பாக்கி மொத்தமும் கைக்கு வந்தது. அந்தப் பணத்தில் அப்பாவின் கடனை அடைத்தார் போஸ்.

இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தனக்கு நியாயமாக வர வேண்டிய பணத்துக்காக மூன்று வருஷம் விடாமல் நின்ற இதே மனிதர், பிறகு தேடி வந்த பெரும் பணத்தை வேண்டாம் என்று சொல்லப்போகிறார்.

குளியலறை பக்கத்தில் ஒரு ஆய்வகம்

கண்ணுக்குத் தெரியாத மின்காந்த அலைகள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கிளர்க் மேக்ஸ்வெல். 1880-களின் பிற்பகுதியில் அதைச் சோதனையில் நிரூபித்தவர் ஜெர்மனியின் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். இன்று ரவுட்டர் பெட்டியில் 'கிகாஹெர்ட்ஸ்' என்று அச்சடித்திருக்கிறதே, அந்தப் பெயர் இவருடையதுதான். 1894 ஜனவரி 1-ம் தேதி, 36 வயதில் ஹெர்ட்ஸ் இறந்துபோனார். அவருடைய வேலையைப் பற்றி ஆலிவர் லாட்ஜ் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி எழுதியது போஸ் கையில் கிடைத்தது.

அதே 1894 நவம்பரில் போஸுக்கும் 36 வயது நிறைந்தது. இனி ஆராய்ச்சிதான் என்று அந்தப் பிறந்தநாளில் முடிவெடுத்தார்.

கல்லூரியில் ஆய்வகம் என்று ஒன்று இருந்ததா? குளியலறையை ஒட்டி ஒரு குட்டி அறை இருந்தது, அதுதான் ஆய்வகம். கருவி செய்ய வெளிநாட்டு நிறுவனம் எதுவும் இல்லை. உள்ளூர் தகர வேலைக்காரர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தார். நாள் முழுக்க வகுப்பு, அது முடிந்த பிறகுதான் ஆராய்ச்சி.

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் நீளமானவை. ஒரு அலையின் நீளமே அரை மீட்டருக்கும் மேலே, பல மீட்டர் வரைக்கும் போகும். இவ்வளவு நீளமான அலையை வைத்து ஒரு குட்டி அறைக்குள் நுணுக்கமாக எதையும் அளக்க முடியாது. அதனால் அலையையே சின்னதாக்கினார் போஸ். 2.5 சென்டிமீட்டரில் தொடங்கி 5 மில்லிமீட்டர் வரை கொண்டுவந்தார். 5 மில்லிமீட்டர் என்றால் இன்றைய கணக்கில் 60 கிகாஹெர்ட்ஸ்.

இதை அப்படியே நம் வீட்டுக்குக் கொண்டுவந்து பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு 5-லிருந்து 6 சென்டிமீட்டர். மிக வேகமான 'வைகிக்' வகை வைஃபை ஓடுவது 60 கிகாஹெர்ட்ஸில், அதாவது 5 மில்லிமீட்டரில். போஸ் 1895-ல் வேலை செய்த அதே இடம்.

கொல்கத்தா ஈரக்காற்றும் துருப்பிடித்த கருவியும்

அலையை அனுப்புவது பாதி வேலைதான். வந்து சேர்ந்ததா என்று கண்டுபிடிப்பது மீதிப் பாதி. ஐரோப்பாவில் அதற்கு இரும்புத் தூள் அடைத்த ஒரு கண்ணாடிக் குழாயை வைத்திருந்தார்கள். அலை பட்டதும் தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். ஒவ்வொரு தடவையும் குழாயைத் தட்டித் தூளைப் பிரித்துவிட வேண்டும்.

கொல்கத்தாவின் புழுக்கமும் ஈரக்காற்றும் அந்த மாதிரிக் கருவிக்கு ஒத்துவரவில்லை. அதனால் தூளுக்குப் பதிலாகக் குட்டிக் குட்டி எஃகு ஸ்பிரிங்குகளை வரிசையாக வைத்தார் போஸ். அவை துருப்பிடிக்காமல் இருக்கக் கோபால்ட் முலாம் பூசினார். 1899-ல் இரும்பும் பாதரசமும் சேர்ந்த, தட்டிவிடத் தேவையே இல்லாத இன்னொரு கருவியைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை அளித்தார்.

பிறகு கலீனா என்ற ஈயத் தாதுப் படிகத்தை வைத்து அலைகளைக் கண்டுபிடிக்கும் கருவியும் வந்தது. இன்றைய மொழியில் சொன்னால் அது ஒரு செமிகண்டக்டர் கருவி. ரேடியோ அலைகளைக் கண்டறிய செமிகண்டக்டர் படிகத்தை முதலில் பயன்படுத்தியவர் போஸ்தான் என்று, டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வால்டர் பிராட்டெய்ன் 1955-ல் எழுதிய வரலாற்றுக் கட்டுரையில் பதிவு செய்திருக்கிறார்.

ரயில் அட்டவணைப் புத்தகமும் சணல் கயிறும்

போஸ் மணி அடித்துக் காட்டியதோடு நிற்கவில்லை. இந்த அலை எதற்குள் போகும், எதில் முட்டித் திரும்பும், எதில் காணாமல்போகும் என்று ஒவ்வொன்றாகச் சோதித்தார். கையில் கிடைத்த பொருள் எல்லாம் அவருக்குக் கருவிதான்.

கந்தகத்தை வார்த்து லென்ஸ் செய்தார். பிராட்ஷா ரயில்வே கால அட்டவணைப் புத்தகத்தின் பக்கங்களுக்கு நடுவே தகரத் தாள்களைச் செருகினார். ஒரு திசையில் பிடித்தால் அலை உள்ளே நுழைந்து போனது. அப்படியே திருப்பிப் பிடித்தால் நின்றுபோனது. முறுக்கிய சணல் கட்டு வழியாக அலையை அனுப்பி, அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார். அலையை வாங்கிச் சேர்க்கப் புனல் போன்ற ஒரு உலோகக் குழல் செய்தார். இன்று செயற்கைக்கோள் டிஷ், ரேடார் எல்லாவற்றிலும் இருக்கும் 'ஹார்ன் ஆன்டெனா'வுக்கு அதுதான் முன்னோடி.

தான் கண்டதை வங்காளி மொழியில் எளிமையான கட்டுரையாகவும் எழுதினார். 'கண்ணுக்குத் தெரியாத ஒளி' என்பது அதன் தலைப்பின் பொருள். நம் கண்ணுக்கு எது ஊடுருவித் தெரிகிறதோ அது இந்த அலைக்கும் ஊடுருவும் என்று இல்லை என்பதுதான் அதில் அவர் சொன்ன முக்கியமான விஷயம். செங்கல் நம் பார்வையை மறைக்கும், ஆனா இந்த அலையைப் பெரிதாக மறைக்காது. தண்ணீருக்குள் நம் கண் பார்க்கும், ஆனா இந்த அலைக்குத் தண்ணீர் ஒரு தடுப்பு.

அப்போ நம்ம வீட்டில் என்ன பண்ணலாம்?

இதை வீட்டோடு பொருத்திப் பார்த்தால் பல சந்தேகங்கள் தானாகத் தீரும்.

தண்ணீர்: மீன்தொட்டி, தண்ணீர் டிரம் பக்கத்தில் ரவுட்டரை வைக்காதீர்கள். தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும். மனித உடம்பிலும் பெரும்பகுதி தண்ணீர்தான். வீடு நிறைய விருந்தாளிகள் வந்த அன்றைக்கு வைஃபை கொஞ்சம் மந்தமாவதில் இதற்கும் பங்கு உண்டு.

இரும்பு: பீரோவுக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் மேலே, டிவிக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைப்பது பலருடைய பழக்கம். உலோகம் அலையைத் திருப்பி அடித்துவிடும். நிலைக்கண்ணாடியின் பின்பக்கமும் உலோகப் பூச்சுதான். செங்கல் சுவர் பரவாயில்லை. கம்பி கட்டிய கான்கிரீட் தூணும் தளமும்தான் சிக்கல்.

இரண்டு அலைவரிசை: ஒரே ரவுட்டர் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசையில் பேசும். 2.4 நீளமான அலை. வேகம் குறைவு, ஆனா சுவர் தாண்டும். 5 குட்டையான அலை. வேகம் அதிகம், ஆனா சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். ரவுட்டர் இருக்கும் அறையில் டிவிக்கும் லேப்டாப்புக்கும் 5 போதும். தள்ளி இருக்கும் அறைக்கு 2.4.

புது ஸ்மார்ட் பல்ப் சேர மாட்டேங்குதா? ஸ்மார்ட் பல்ப், பிளக், கேமராக்களில் பெரும்பாலானவை 2.4 மட்டும்தான் புரிந்துகொள்ளும். அந்த நேரத்தில் மொபைல் 5-ல் இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருக்கும். பல்பை இணைக்கும்போது மொபைலையும் 2.4 நெட்வொர்க்குக்கு மாற்றிப் பாருங்கள். ரவுட்டர் அமைப்பில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

மைக்ரோவேவ் அடுப்பு: இது ஓடுவதும் 2.45 கிகாஹெர்ட்ஸில். சாதம் சூடு பண்ணும் நேரத்தில் பக்கத்தில் வீடியோ கால் அறுந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

ஆன்டெனா: போஸ் புத்தகத்தைத் திருப்பினாரே, அதே விஷயம்தான் இங்கும். அலைக்கு ஒரு திசை உண்டு. ஒரே தளத்துக்கு என்றால் ரவுட்டர் ஆன்டெனாக்களை நேராக நிமிர்த்தி வையுங்கள். மாடிக்கும் சிக்னல் வேண்டுமானால் ஒன்றைப் படுக்கைவாட்டில் திருப்பிப் பாருங்கள்.

பாஸ்வேர்டு: சுவர் தாண்டும் அலை உங்க வீட்டு எல்லையோடு நிற்காது. பக்கத்து வீட்டுக்கும் தெருவுக்கும் போகும். ரவுட்டரோடு வந்த பழைய பாஸ்வேர்டை மாற்றிவிடுங்கள். கேமரா, பல்புக்கு எல்லாம் 'கெஸ்ட்' நெட்வொர்க்கைத் தனியாகக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பு.

ஒரு கேள்வி வரலாம். 60 கிகாஹெர்ட்ஸ் வைஃபை ஒரு சுவரைக்கூடச் சரியாகத் தாண்டாது என்கிறார்களே, போஸ் மட்டும் எப்படி இரண்டு சுவரைத் தாண்டினார்? முக்கியமான ஒரு காரணம், அவருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு தட்டு. அலையில் ஒரு துளி அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தாலே கருவி விழித்துக்கொண்டு மணியை அடித்துவிடும். நமக்கு அப்படி இல்லை. ஒரு வீடியோ ஓடுவதற்கு நொடிக்குப் பல லட்சம் தட்டு, ஒன்றுகூடத் தப்பாமல் வந்து சேர வேண்டும். அதனால்தான் 'சிக்னல் காட்டுது, ஆனா வீடியோ சுத்திக்கிட்டே இருக்கு' என்ற நிலை.

லண்டன் மேடையும் தேடி வந்த பணமும்

கொல்கத்தா டவுன் ஹாலில் வங்காள லெப்டினன்ட் கவர்னர் முன்னிலையிலும் போஸ் இந்தச் சோதனையைச் செய்து காட்டினார். நடுவில் கவர்னர் உட்கார்ந்திருந்தும் அந்தப் பக்கம் மணி அடித்தது. 1896-ல் லண்டன் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், பெரிய பெரிய விஞ்ஞானிகள் நிறைந்த அரங்கில் பேசினார். குளியலறை பக்கத்தில் உருவான அந்தச் சின்னக் கருவிகளைப் பார்த்து அசந்துபோனவர்களில் கெல்வின் பிரபுவும் ஒருவர்.

அதே சமயத்தில் இத்தாலிக்காரரான மார்க்கோனி லண்டனில் வேறொரு பாதையில் போய்க்கொண்டிருந்தார். 1896-லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிட்டார். அவருக்கு வேண்டியது தூரம். அதற்கு நீளமான அலைதான் தோது. 1901 டிசம்பரில் அட்லாண்டிக் கடலின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு சிக்னல் அனுப்பியதாக அறிவித்தார். 1909-ல் நோபல் பரிசும் வந்தது. அட்லாண்டிக் சோதனையில் அவர் பயன்படுத்திய பாதரசக் கருவியின் மூலம், 1899-ல் போஸ் வெளியிட்ட வடிவமைப்புதான் என்று பிற்கால ஆய்வாளர்கள் சிலர் எடுத்துக்காட்டினார்கள். அந்த விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை.

போஸ் என்ன செய்தார்? 1901-ல் அவர் லண்டனில் இருந்தபோது, தந்தி நிறுவனம் ஒன்றின் பணக்கார முதலாளி அவரைத் தேடி வந்தார். காப்புரிமைக்கான ஏற்பாட்டையும் பணத்தையும் தான் பார்த்துக்கொள்வதாகவும், வரும் லாபத்தில் பங்கு தருவதாகவும் சொன்னார். போஸ் ஒத்துக்கொள்ளவில்லை. அறிவு எல்லாருக்கும் பொது, அதை வைத்து வியாபாரம் பண்ணினால் பண ஆசை என்ற சுழலில் மாட்டிக்கொள்வோம் என்று நினைத்தார். நண்பர் ரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதத்தில் இதையெல்லாம் பகிர்ந்திருக்கிறார்.

நண்பர்கள் விடவில்லை. விவேகானந்தரின் சீடரான சகோதரி நிவேதிதாவும் அமெரிக்கத் தோழி சாரா புல்லும் வற்புறுத்தினார்கள். படிகக் கருவிக்கு அமெரிக்காவில் விண்ணப்பம் போனது. 1904 மார்ச்சில் காப்புரிமை எண் 755,840 கிடைத்தது. அதை வைத்துப் பணம் பண்ணும் வேலையில் மட்டும் போஸ் இறங்கவே இல்லை. காப்புரிமை அப்படியே காலாவதியானது.

அவர் செய்தது சரியா? இன்றுவரை இரண்டு பக்கமும் பேசுகிறார்கள். காப்புரிமையை விடாமல் பிடித்திருந்தால் வரலாற்றில் அவர் பெயரும் இந்தியாவின் பெயரும் வேறு இடத்தில் இருந்திருக்கும் என்பது ஒரு பக்கம். ஒப்பிட ஒரு உதாரணமும் இருக்கிறது. வைஃபை தொழில்நுட்பத்தின் முக்கியமான ஒரு பகுதிக்கு 1990-களில் காப்புரிமை பெற்ற ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற அரசு ஆய்வு நிறுவனத்துக்குப் பல கோடி டாலர் வருமானம் வந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. சம்பளத்தில் ஒரு காசு குறைந்தாலும் வேண்டாம் என்று நின்றவர், லாபத்தில் ஒரு காசும் வேண்டாம் என்றார். இரண்டும் முரண்பாடு மாதிரி தெரியும். ஆனா முதல் விஷயத்தில் கேள்வி பணம் இல்லை, மரியாதை. இந்தியர் என்பதற்காகக் குறைத்துக் கொடுப்பதை ஏற்க மாட்டேன் என்பது. இரண்டாவதில், தான் கண்டுபிடித்ததைப் பூட்டி வைக்க மாட்டேன் என்பது. இரண்டிலும் விட்டுக்கொடுக்காத அதே பிடிவாதம்தான்.

செடிகளின் பக்கம் திரும்பியவர்

அதன் பிறகு போஸின் கவனம் வேறு பக்கம் போனது. அலை பட்டுப் பட்டுத் தன் கருவிகள் 'களைத்துப்போவது' போலவும், ஓய்வு கொடுத்தால் தெளிவது போலவும் அவருக்குத் தெரிந்தது. உயிருள்ளதும் உயிரற்றதும் எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று ஒப்பிட்டு 1902-ல் புத்தகம் எழுதினார். செடியின் கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பெரிதாக்கிக் காட்டும் 'கிரெஸ்கோகிராஃப்' கருவியைச் செய்தார். உயிரியல் அறிஞர்கள் பலர் அவரை எதிர்த்தார்கள். அவருடைய முடிவுகள் எல்லாமும் அப்படியே ஏற்கப்படவில்லை.

1915-ல் கல்லூரியிலிருந்து ஓய்வு பெற்றார். 1917-ல் சர் பட்டம். அதே ஆண்டு நவம்பர் 30, தன் பிறந்தநாளில், கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே நடக்கும் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை எடுக்கப்படாது என்று தொடக்க நாளிலேயே அறிவித்தார். 1920-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். 1937 நவம்பர் 23-ம் தேதி, இப்போது ஜார்க்கண்டில் இருக்கும் கிரிதியில் காலமானார். 79-வது பிறந்தநாளுக்கு ஒரு வாரம்தான் பாக்கி.

அப்போ வைஃபையைக் கண்டுபிடித்தது போஸா?

இல்லை. சமூக வலைதளங்களில் அப்படி ஒரு வரி சுற்றுகிறது, அது சரியில்லை. வைஃபை ஒரே ஆளின் கண்டுபிடிப்பு கிடையாது. 1985-ல் அமெரிக்கா சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. பல நாட்டுப் பொறியாளர்கள் சேர்ந்து உழைத்து, 1997-ல் ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பின் முதல் தரநிலை வந்தது. 'வைஃபை' என்ற பெயர் 1999-ல்தான் ஒட்டிக்கொண்டது.

போஸின் பங்கு அதற்கெல்லாம் முந்தையது. குட்டை அலைகளை உருவாக்கவும், பிடிக்கவும், வளைக்கவும், தடுக்கவும், அளக்கவும் முடியும் என்று காட்டியவர் அவர். உலகம் அப்போது நீள அலையைத் தேடிக் கடல் தாண்டிப் போனது. போஸின் அலைகளுக்கு உடனடி வேலை எதுவும் இல்லாமல்போனது. ரேடார், செயற்கைக்கோள், மொபைல், வைஃபை என்று வர வர, உலகம் மறுபடியும் குட்டை அலைக்கே திரும்ப வேண்டியதாயிற்று. இப்போது 5ஜி-யின் உயர் அலைவரிசைகளும் அந்தப் பக்கம்தான்.

1990-களில் அமெரிக்காவின் அரிசோனாவில் இருந்த 12 மீட்டர் ரேடியோ தொலைநோக்கியின் கருவி ஒன்றில், நூறு வருஷத்துக்கு முன்பு போஸ் எழுதிய யோசனைகள் பயன்படுத்தப்பட்டன. 2012-ல் அதே ஐ.இ.இ.இ. அமைப்பு, போஸின் 1894-96 சோதனைகளைத் தொழில்நுட்ப வரலாற்றின் மைல்கல் என்று அங்கீகரித்தது. அவர் இறந்து 75 வருஷம் ஆன பிறகு.

அடுத்த தடவை உள்ளறையில் சிக்னல் இல்லை என்று ரவுட்டரைத் தட்டுவதற்கு முன்னால், அதை பீரோ பக்கத்திலிருந்து நகர்த்தி உயரமான, திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எது அலையை விடும், எது விடாது என்று குளியலறை பக்கத்து அறையில் நின்று ஒருவர் நமக்காக ஏற்கெனவே பார்த்து வைத்திருக்கிறார். அதற்கு அவர் யாரிடமும் காசு கேட்கவில்லை.